மூச்சை அளப்பவர்கள்

சென்னை முகப்பேர் என்றால் பலருக்கு மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் இதய சிகிச்சையும் நினைவுக்கு வரும். எனக்கோ பிரமிப்பு, அங்கே ஐசியூவில் வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்கும் நுரையீரல் மருத்துவர்மேல். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3, அதற்குமேல் டி.எம். 3. இளமையில் பாதி படிப்பிலேயே போய்விடுகிறது.

அவர்கள் கைத்திறன் தெரிவது ஓர் எண்ணில். கடுமையான நுரையீரல் பாதிப்பில் மூச்சுத் திணறுபவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று தருவது? முன்பெல்லாம் கிலோவுக்கு 10, 12 மில்லி கொடுத்தார்கள். 6 மில்லி கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தாராளமாகத் தந்த காற்றே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்தது! அந்தக் கிலோவும் தராசு காட்டும் எடை அல்ல, உயரத்திலிருந்து கணக்கிடுவது. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லையே. 165 செ.மீ. உயர ஆணுக்குச் சுமார் 370 மில்லி, அவ்வளவுதான். குறைத்துக் கொடுக்கத் துணிவதைத்தான் நான் பெரிய வித்தை என்பேன்.

அதனால், ஐசியூ வாசலில் உங்கள் வீட்டு நோயாளியின் உயரத்தைக் கேட்டால், உத்தேசமாகச் சொல்லாதீர்கள்; தெரியாவிட்டால் அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.