பன்னிரண்டாவது பாடல்

பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ என்னிடம் மூன்று வடிவங்களில் இருக்கிறது. 1997இல் வந்த குறுந்தகடு, பழைய தட்டுக் கடையில் வாங்கிய கீறல் விழுந்த மோனோ இசைத்தட்டு, போன மாதம் வாங்கிய 180 கிராம் ஸ்டீரியோ மறுபதிப்பு. மூன்றாவதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கனமான தட்டு, தடித்த உறை, மூல ஒலிநாடாவுக்கு இயன்றவரை நெருக்கமான ஒலி. ஆடியோஃபைல் பதிப்புகள் தரும் வாக்குறுதி இவ்வளவுதான். இந்த வட்டாரத்தை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பவன். பாட்டைப் பற்றி ஐந்து நிமிடமும் ஊசியைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசுபவர்கள். ஆனால் இந்த ஆல்பத்தின் விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. உடைந்துபோனது என்று எல்லோரும் சொல்லும் ஒரு குரலைத் துல்லியமாகக் கேட்டால் என்ன கிடைக்கும்? இன்னும் தெளிவான உடைசல்தானா?

1958 பிப்ரவரியில், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது இது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அடுத்த ஆண்டு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானதும் அங்கேதான். ரே எல்லிஸின் இசைக்கோர்ப்பைக் கேட்டுப் பிடித்துப்போய், அவர்தான் வேண்டும் என்று கேட்டவர் ஹாலிடே. அப்போது அவருக்கு வயது 42. 1930களில் டெடி வில்சன், லெஸ்டர் யங் ஆகியோரோடு பாடிய துள்ளலான குரல் போய்விட்டிருந்தது. 1959 ஜூலை 17 அன்று இறந்தார். மருத்துவமனைக் கட்டிலிலேயே போதைப்பொருள் வழக்கில் கைது செய்யப்பட்டிருந்தார். வங்கிக் கணக்கில் 70 சென்ட்தான் மிஞ்சியது என்ற தகவலைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் மறக்காமல் சேர்த்துவிடும். அதன் பிறகு இந்த ஆல்பத்தை யார் கேட்டாலும் ஒரு மரண வாக்குமூலமாகத்தான் கேட்கிறார்கள்.

நானும் அப்படித்தான் கேட்டேன். 2004இல் முதுகலை படிக்க வந்த முதல் குளிர்காலம். பல்கலைக்கழக நூலகத்தில் குறுந்தகடுகளை இரவல் தருவார்கள். நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வீட்டில், மற்றவர்கள் தூங்கிய பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்தக் கரகரப்பில் என் தனிமையை ஏற்றிவைத்துக்கொள்வது எளிதாக இருந்தது. இருபது வருடம் அதை அப்படியே நம்பி வந்தேன்.

மறுபதிப்பின் முதல் பக்கத்தில் முதல் பாடல் ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’. ஊசி இறங்கிய பிறகு தட்டில் சத்தமே இல்லை. வயலின்கள் விலகி நிற்க, குரல் நடுவில் தனியாக வருகிறது. என் மோனோ தட்டில் கீறல் சத்தமும் வயலின்களும் சேர்ந்து அந்தக் குரலுக்கு ஒரு போர்வை போர்த்தியிருந்தன. இங்கே போர்வை இல்லை. மேல் ஸ்தாயியில் குரல் எட்டாமல் நழுவுவது தெரிகிறது. மூச்சு போதாமல் ஒரு சொல்லைச் சீக்கிரம் முடிப்பதும் தெரிகிறது.

அதோடு, நான் இதுவரை கவனிக்காத ஒன்றும் தெரிந்தது. சொற்களின் கடைசி மெய்யெழுத்துகளை அவர் எவ்வளவு கணக்காக வைக்கிறார் என்பது. இசைக்குழு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். இவர் ஒரு சொல்லைத் தாமதமாகத் தொடங்குவார், அடுத்ததை இழுப்பார், மூன்றாவதைப் பேசுவதுபோலப் போட்டுவிட்டுச் சரியான இடத்தில் வந்து நிற்பார். நீட்ட முடியாத இடங்களில் நீட்டாமலே வேலையை முடிக்கத் தெரிந்திருக்கிறது. குரல்வளம் தேய்ந்திருக்கிறது. காலக் கணக்கு தேயவில்லை.

இதை முதலில் சொன்னவள் என் மகள். பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டவள், “அப்பா, இவங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு பாட்டுக்குப் பிறகு, “ஆனா லேட்டா வர்றது வேணும்னேதான். ஒவ்வொரு தடவையும் கரெக்டா வந்து சேர்ந்துடறாங்க” என்றாள். ஹாலிடேயின் வாழ்க்கைக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ.

துல்லியம் எல்லாவற்றுக்கும் நன்மை செய்யவில்லை. எல்லிஸ் சேர்த்த பெண்கள் குழுக்குரல் மோனோவில் பின்னால் கரைந்துகிடந்தது. இங்கே அது பாயசத்தில் மேலும் ஒரு கரண்டி சர்க்கரை. ஜே. ஜே. ஜான்சன், அர்பி கிரீன் போன்ற ட்ராம்போன்காரர்கள் குழுவில் இருக்கும்போது இந்த ‘ஊ’காரம் எதற்கு என்று எரிச்சல் வருகிறது. இத்தனைக்கும் பதிவின்போது ஹாலிடேயின் பாட்டில் அதிருப்தி அடைந்தவர் எல்லிஸ்தான். பிறகு கலவை முடிந்த பதிவைக் கேட்டபோதுதான் மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

என் பெரிய குறை வேறு. இந்தத் தட்டில் 11 பாடல்கள்தான். ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ இல்லை. அந்தப் பாட்டுக்கு இசைக்குழுவை முதலில் பதிவுசெய்துவிட்டு, ஹாலிடேயின் குரலைப் பிறகு அதன் மேல் ஏற்றினார்கள். அது மோனோவில் மட்டுமே முடிந்தது. எனவே 1958இன் ஸ்டீரியோ தட்டில் அது இடம்பெறவில்லை. மறுபதிப்பு அந்த இடைவெளிக்கும் விசுவாசமாக இருக்கிறது.

1997 குறுந்தகட்டின் கடைசியில் அந்தப் பாட்டு உருவான கதை, கிட்டத்தட்ட 10 நிமிட ஒலிப்பதிவாக இருக்கிறது. நூலகப் பிரதியில் அதைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மறுபதிப்பு வந்த வாரத்தில்தான் உட்கார்ந்து கேட்டேன். ஹாலிடேக்கு அந்த மெட்டு சரியாகத் தெரியவில்லை. தடுமாறுகிறார், கற்கிறார், மறுபடி முயல்கிறார். வேலை செய்கிறார். என் தொழிலில், காலக்கெடுவுக்கு முந்தைய இரவில், அனுபவசாலி ஒருவர் தனக்குப் பழக்கமில்லாத நிரலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. துயரத்தில் தானாகக் கசிந்த பாட்டு என்று நான் நம்பியிருந்தது இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

விலை உயர்ந்த தட்டு என் காதைத் திருத்தியது. காரணத்தைச் சொன்னதோ மலிவான குறுந்தகடு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் குறுந்தகட்டை வாங்குங்கள். தட்டையும் வாங்க முடிந்தவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அதன் முதல் பாடல் ‘யூ’வ் சேஞ்ச்ட்’. இந்தப் பதிப்பின் தெளிவு வேறெந்தப் பாடலுக்கும் இவ்வளவு பொருந்தவில்லை.

மோனோ தட்டை விற்றுவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். முடியாது. பன்னிரண்டாவது பாடலை ஊசி வைத்துக் கேட்க எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் குதிக்கும், பரவாயில்லை.