ஹோஸ் பிடிக்கும் கை

விழுப்புரத் தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜெட் ராடிங் லாரி வரும். கடப்பாரை நெம்ப, இரும்பு மூடி கரகரவென்று நகரும். ஹோஸின் முனைத் துளைகள் பின்னோக்கித் தண்ணீரைப் பீய்ச்ச, அந்த உதைப்பிலேயே அது இருட்டுக்குள் முன்னேறும்.

எனக்குப் பிடித்தது ஊழியரின் கை. ஈர ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்கிறார். ஹோஸ் திமிறினால் அடைப்பு. இழுத்துக்கொண்டு போனால் வழி. முரட்டுத்தனமாகத் தள்ளுவதில்லை. கொஞ்சம் பின்னிழுத்து, பொறுத்து, மறுபடி விடுகிறார். திடீரென்று அடியில் 'களக்'! தேங்கிய நீர் இரைந்து ஓடுகிறது. பாதுகாப்பின்றிக் குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவர் வெளிச்சத்தில் நின்றே வேலை செய்வதைப் பார்க்க மனசுக்கு நிறைவு. ஹோஸைச் சுருட்டச் சுருட்ட மணலும் கந்தலும் வருகின்றன. வாரிப் போட்டுவிட்டு அடுத்த மூடிக்கு நடக்கிறார்.