மக்மேனாக யார்?

1997 நவம்பர் 9 அன்று மொன்றியல் மோல்சன் அரங்கில் நடந்ததைக் கதைப்படமாக்க நினைப்பவர் எவரும் முதலில் மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டாக நடிக்கத்தான் ஆள் தேடுவார். அங்கேயே தேர்வு பிழையாகிவிடுகிறது. அந்தப் பாத்திரத்தை ஹார்ட்டே நடித்து முடித்துவிட்டார்.

ரொறன்ரோ இயக்குநர் போல் ஜேயின் 'ஹிட்மேன் ஹார்ட்: ரெஸ்லிங் வித் ஷாடோஸ்' (1998) அதற்குச் சான்று. போட்டி நிறுவனத்துக்குப் போகவிருந்த சாம்பியன், கனடிய மண்ணில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மறுக்கிறார். முதலாளி வின்ஸ் மக்மேன் வேறொரு முடிவுக்கு இணங்குகிறார். பிறகு அரங்கில், ஹார்ட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரில் மைக்கேல்ஸ் அவரைப் பிடித்திருக்கையில், ஹார்ட் பணியாமலே மணி அடிக்கப்படுகிறது. மக்மேனுடனான அன்றைய சந்திப்புக்கு ஹார்ட் ஒளித்துவைத்த ஒலிவாங்கியோடு போயிருந்தார். மக்மேனின் இணக்கம் பதிவாகிவிட்டது. கற்பனைப் படம் எதுவும் எட்ட முடியாத சான்று அது. போட்டிக்குப் பின் ஹார்ட்டின் மனைவி சக வீரர்களைத் தாழ்வாரத்தில் மறித்துக் கேள்வி கேட்கும் காட்சியும் அப்படியே.

ஆனால் இந்தப் படத்தைக் கலப்படமற்ற உண்மை என்று கொள்வது தேர்ந்த பார்வையாளருக்கு அழகல்ல. ஹார்ட் கமராவை அறியாதவரல்லர். 'லோன்சம் டவ்' தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். 2004இல் ரொறன்ரோ மேடையில் 'அலாடின்' நாடகத்தின் பூதமாகவும் வந்தவர். தம்மை வஞ்சிக்கப்பட்ட நேர்மையாளராகவே அவர் படம் முழுதும் முன்வைக்கிறார். ஜே அதை ஒருமுறைகூட அழுத்திக் கேட்பதில்லை. வெற்றி தோல்வி எல்லாம் முன்கூட்டியே எழுதப்படும் தொழிலில், தோற்க மாட்டேன் என்று ஒரு கலைஞர் மறுப்பதில் கலையின் மானம் எவ்வளவு, தன்முனைப்பு எவ்வளவு? படத்தின் மையக் கேள்வி இதுவாக இருந்திருக்க வேண்டும். நெருக்கம் இந்தப் படத்தின் பெரும் பேறு. அந்த நெருக்கமே அதன் தீர்ப்பைச் சாய்த்தும் விட்டது.

மல்யுத்தம் முதலான சண்டைக்களப் படங்களின் நடிகர் தேர்வு இதுவரை உடலையே அளவுகோலாக்கியது. 'தி ரெஸ்லர்' (2008) படத்தில் மிக்கி ரூர்க் வென்றதற்கு, குத்துச்சண்டையில் அடிபட்ட அவர் முகமும் ஒரு காரணம். 'தி ஸ்மாஷிங் மெஷின்' (2025) டுவெய்ன் ஜான்சனின் நட்சத்திர முகத்தை ஒப்பனையால் மறைத்து வேலை வாங்கியது. இரண்டும் தனிமனிதத் துயரங்கள். அங்கே உடல் போதும். மொன்றியலில் நடந்ததோ இருவருக்கு இடையிலான நம்பிக்கைத் துரோகம். 'சார்பட்டா பரம்பரை'யில் ஆர்யாவின் உழைத்த உடலை மதிக்கிறோம். நினைவில் ஆடுவதோ ஷபீரின் டான்சிங் ரோஸ். எதிரில் நிற்பவரின் தேர்வு கதையையே தூக்கி நிறுத்தும் என்பது நமக்குப் புதிதல்ல.

ஆகவே புதிய படத்துக்கு நியாயம் இருக்குமானால், அது ஜே விட்டுச்சென்ற இடைவெளியில்தான்: மக்மேனின் தரப்பு. தம்மீது பார்வையாளர் கொண்ட அன்றைய வெறுப்பையே மூலதனமாக்கி, 'மிஸ்டர் மக்மேன்' என்ற வில்லனாகத் தம்மைத் தாமே மேடையேற்றி, 1998இல் மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டினுக்கு எதிராக நின்று செழித்த மனிதர் அவர். முதலாளி எங்கே முடிகிறார், வேடம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு அதன்பின் துலங்கவேயில்லை. புஜமும் கரகரத்த குரலும் வாய்த்த நட்சத்திரத்தைப் போட்டால் வேடம் மட்டுமே கிடைக்கும், அதை அவரே நன்றாகச் செய்துவிட்டார்.

தேர்வுக்கான காட்சி அந்த மூடிய அறை. நடிகர் ஹார்ட்டின் யோசனைக்கு இணங்க வேண்டும். அது பொய் என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த நிமிடம் நாம் அவரை நம்ப வேண்டும். அப்படி நம்பவைக்கும் நடிகர் கிடைக்காதவரை இந்தக் கதையை மீண்டும் எடுக்கத் தேவையில்லை. ஜேயின் படம், அதன் சாய்வோடும், போதும்.