கூழாங்கல்லும் மிருகத்தின் எண்ணும்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'ப்ஸேஃபிஸோ' என்றொரு வினைச்சொல். இரண்டே இடத்தில்தான் வருகிறது. லூக்கா 14:28இல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். வெளிப்படுத்தின விசேஷம் 13:18இல் புத்தியுள்ளவன் மிருகத்தின் எண்ணைக் கணக்குப் பார்க்க வேண்டும். அகராதிக்காரர்கள் 'கணக்கிடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடுகிறதா?

சொல்லின் வேர் 'ப்ஸேஃபோஸ்', அதாவது கூழாங்கல். பலகையில் கல்லை நகர்த்தி நகர்த்திக் கூட்டிக் கழித்ததால் வந்த பெயர். ஏதென்ஸில் வாக்குக்கும் இதே சொல்தான். தேர்தல் ஆய்வை 'ஸெஃபாலஜி' என்பது இதனால்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 26:10இல், விசுவாசிகள் கொல்லப்பட்டபோது தானும் எதிராகக் கல் போட்டதாகப் பவுல் ஒப்புக்கொள்கிறார். ஆக, இது வெறும் கணக்குச் சாமான் இல்லை. ஆளைத் தீர்த்துக்கட்டவும் செய்யும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். வரவேண்டியதுதான். வேரைத் தோண்டி அர்த்தம் எடுக்கும் இறையியலாளர்களை ஜேம்ஸ் பார் 1961இல் வெளிவந்த தன் நூலில் கடுமையாகச் சாடினார். சொல்லின் பொருள் அதன் பிறப்பில் இல்லை, புழக்கத்தில்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். முதல் நூற்றாண்டில் கணக்குப் பார்த்தவன் ஒவ்வொரு தடவையும் கல்லை நினைத்திருக்கப் போவதில்லை. சரி, வேரை விட்டுவிட்டுப் புழக்கத்துக்கே வருவோம்.

கிரேக்க எழுத்துகள் எண்களாகவும் இருந்தன. எந்தப் பெயரையும் கூட்டிப் பார்க்கலாம். ஒரே கூட்டுத்தொகை வரும் சொற்களைப் பொருத்திப் பார்க்கும் விளையாட்டில் அப்படிப்பட்ட சொற்களுக்குச் 'சமக்கல்' என்று பொருள்படும் பெயரே இருந்தது. நீரோ காலத்துக் கவிஞர் அலெக்சாந்திரியா லியோனிதாஸ் இப்படிக் கவிதைகள் எழுதினார். பொம்பெய்ச் சுவரொன்றில் யாரோ காதலியின் பெயரைச் சொல்லாமல் 545 என்ற எண்ணை மட்டும் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். நீரோவின் பெயரையும் அவன் தாயைக் கொன்றதையும் சமப்படுத்திய கிரேக்கக் கேலி ஒன்றைச் சூட்டோனியஸ் பதிவுசெய்திருக்கிறார். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 1005. சக்கரவர்த்தியைப் பற்றி வாய்திறக்க முடியாதபோது ஜனங்கள் கூட்டல் போட்டிருக்கிறார்கள்!

13:18இன் வினை இந்தப் புழக்கத்துக்குள்தான் நிற்கிறது. 'நேரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. பெயரின் கடைசி 'ன்'னை விட்டால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இன்று பார்கோடில் மிருகத்தைத் தேடிப் பயமுறுத்துகிறவர்கள் இந்த வினைச்சொல்லைப் படிக்கவே இல்லை. அது பயப்படச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறது.

கேள்வி இதுதான்: யார் யாரை எண்ணுவது? 2 சாமுவேல் 24இல் தாவீது ஜனங்களை எண்ணச் சொல்கிறான். லூக்கா 2இல் அகஸ்து குடிமதிப்பு எழுதச் சொல்கிறான். எண்ணுகிறவன் ஆள்கிறவன், எண்ணப்படுகிறவன் குடிமகன். வெளிப்படுத்தின விசேஷம் 13:17இலும் முத்திரை இல்லாதவன் வாங்கவோ விற்கவோ முடியாது. ஆனால் அடுத்த வசனத்திலேயே எண்ணும் வேலை கைமாறிவிடுகிறது. சந்தைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் கல்லைக் கொடுத்து, மிருகத்தைக் கணக்குப் பார் என்கிறது பிரதி. பார்த்தால் தேறுவது ஒரு மனிதனின் எண், அவ்வளவுதான். கும்பிடச் சொல்லப்பட்டவன் கூட்டலுக்குள் அடங்கிப்போகிறான்.

இதே நூலில் 7:9இன் திரளை எவராலும் எண்ண முடியவில்லை. 2:17இல் ஜெயிக்கிறவனுக்குக் கிடைப்பதும் ஒரு ப்ஸேஃபோஸ்தான், வெள்ளைக் கல். அதில் எண் இல்லை, பெயர் இருக்கிறது. பெறுகிறவனைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர். தெரியாத பெயரை எவனும் கூட்டிப் பார்க்க முடியாதே.

லூக்காவின் கோபுரக்காரனை இங்கே சேர்ப்பது என் வாசிப்பு. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு நூல்கள். ஆனாலும் ஒரே வினை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க இடம் தருகிறது. அதிகாரத்தைக் கணக்குப் பார்க்கத் துணிகிறவன், அதற்குத் தான் கொடுக்கப்போகும் விலையையும் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாக வேண்டும்.