நூலிழையில் பூக்கும் நாதம்

கச்சேரி தொடங்குமுன் தம்புராவைச் சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் சீக்கிரம் போய் உட்கார்ந்துவிடுவேன். பிரடையைத் திருகி, மணியை நகர்த்திச் சுருதி சேர்ந்த பிறகும் தந்தி கொஞ்சம் மொட்டையாகத்தான் ஒலிக்கும். அப்போது குதிரைமேல், தந்திக்கு அடியில் கிடக்கும் சின்ன நூலை விரல்நுனியால் மயிரிழை நகர்த்துவார்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. சட்டென்று தந்தி பூத்துவிடும்.

அதே ஸட்ஜம்தான்; உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆனால் குதிரையின் மெல்லிய வளைவில் தந்தி பட்டும் படாமலும் அதிர, உள்ளே ஒளிந்திருந்த மேல்சுரங்கள் எழுந்து வரும். கீழ் ஸட்ஜத்தைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் வண்டின் ரீங்காரம்போல அதற்குள் சுழல்வது கேட்கும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்தவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். அதன் இடத்தை எந்த அளவுகோலும் சொல்லாது. கண்ணை மூடிப் பொறுமையாகத் தேடுகிறவருக்கே அகப்படும். சுருதிப் பெட்டி வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சாவூர்த் தம்புராவின் பலாமரக் குடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்த அதிர்வு மணிக்கட்டுவரை ஏறி வரும்.