கார் கொட்டகையில் ஏழு டன்

ஹோவர்ட் ஹெட் அமெரிக்காவின் பால்டிமோரில் விமானத் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்தவர். 1940களின் இறுதியில் வேலையை விட்டுவிட்டு, அலுமினியத் தகட்டில் ஸ்கீ செய்யப் புறப்பட்டார். தகடுகள் பசையில் நிற்க அழுத்தமும் சூடும் வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் பொறி இல்லை. ஸ்கீயை ஒரு ரப்பர் பைக்குள் வைத்தார். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரைத் திருப்பி மாட்டிப் பையிலிருந்த காற்றை உறிஞ்சினார். கார் எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிக் காய்ச்சி, பையை அதில் அமிழ்த்தினார். முதலில் செய்தவை பனியில் உடைந்தன. திரும்பத் திரும்பச் செய்தார். 1950இல் வெளிவந்த 'ஹெட் ஸ்டாண்டர்ட்' மர ஸ்கீயின் காலத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது.

வீட்டிலேயே ஸ்கீ செய்கிறவர்களிடையே இந்தக் கதைக்குப் பெரிய மரியாதை உண்டு. பொறியையும் நீயே கட்டு என்பதற்கு இதைச் சான்று காட்டுவார்கள். எனக்கென்னவோ இது எதிர்ப்பக்கம் சாட்சி சொல்வதாகப் படுகிறது. ஹெட் பம்ப் செய்யவில்லை, கிடைத்ததை எடுத்து மாட்டினார். கடையில் கிடைக்காததை மட்டுமே தன் கையால் கட்டினார். கொலராடோவிலும் வெர்மான்ட்டிலும் கார் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டவர்கள் பலர் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

காசு மிச்சம் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எழுநூறு, எண்ணூறு டாலருக்குக் கடையில் நல்ல ஜோடி கிடைக்கும்போது, ஒன்றிரண்டு ஜோடிக்காகப் பட்டறை போடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. செய்கிறவர்களுக்கும் இது தெரியும். தாங்கள் நினைத்த வடிவம், தாங்கள் நினைத்த விறைப்பு, தங்கள் கைவேலை: இவற்றுக்காகத்தான் செய்கிறார்கள். ஆகவே பொறியை எடைபோடும்போதும் அது இவற்றுக்கு உதவுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிரச்சினையின் மையம் பிரெஸ் என்னும் அழுத்தும் பொறி. ஸ்கீ அடுக்கடுக்காக ஒட்டிய பொருள். அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு, அதன் ஓரங்களில் எஃகு விளிம்பு, அதற்கு மேல் கண்ணாடியிழைத் துணி, மர நடுக்கட்டை, மறுபடி கண்ணாடியிழை, கடைசியாக மேல்தாள். இடையெங்கும் எபாக்சி. எல்லாவற்றையும் வளைந்த அச்சின் மேல் வைத்து, எபாக்சி இறுகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வழக்கமான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 3.5 கிலோ. 180 செ.மீ. நீளமும் சராசரியாக 12 செ.மீ. அகலமும் உள்ள ஒரே ஒரு ஸ்கீக்கு இது ஏழரை டன் ஆகிறது. இரண்டு யானைகள் ஏறி நிற்பது போல. ஜோடியை ஒன்றாக அழுத்தினால் இரட்டிப்பு.

வீட்டில் கட்டுகிறவர்கள் இதற்குக் கண்ட வழி அழகானது. மேலும் கீழும் இரும்பு உத்தரங்களால் ஒரு சட்டகம், அதற்குள் அச்சு, அச்சுக்கு மேல், தட்டையாக மடியும் தீயணைப்புக் குழாய். குழாயின் இரு முனையையும் பட்டை வைத்துப் போல்ட்டால் இறுக்கி அடைத்து, கம்ப்ரசரிலிருந்து காற்றை ஏற்றினால் குழாய் உப்பி ஸ்கீயை அழுத்தும். ஹைட்ராலிக் தண்டு தான் இருக்கும் புள்ளியில் மட்டும் தள்ளும். காற்றுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. நுனி முதல் வால் வரை ஒரே அழுத்தம். அச்சு பெரும்பாலும் எம்.டி.எஃப் பலகையில் வெட்டியது. வளைவு பிடிக்கவில்லையா, இன்னொரு பலகை வாங்கி வேறு வளைவு வெட்டிக்கொள்ளலாம். 2002இல் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கியின் யோசனையில் வோலன்ட் நிறுவனம் 'ஸ்பாட்டுலா' என்ற ஸ்கீயை வெளியிட்டது. நடு தூக்கி நிற்கும் பழைய வளைவைத் தலைகீழாக்கியது அது. அப்படியொரு கிறுக்கு யோசனையைத் தன் கொட்டகையில் சோதித்துப் பார்க்க இன்று ஒருவருக்குத் தேவைப்படுவது ஒரு பலகையும் ஒரு வார இறுதியும்தான். சொந்தமாகக் கட்டிய பிரெஸ்ஸின் முதல் பெருமை இதுவே.

இரண்டாவது பெருமையைப் பலர் சொல்வதில்லை. ஸ்கீ முறுக்கிக்கொண்டு வந்தால், தன் கையால் கட்டியவருக்கு எந்த உத்தரம் சாய்ந்திருக்கும், எந்த மூலையில் அழுத்தம் குறைந்திருக்கும் என்று தெரியும். வாங்கியவர் கையேட்டைப் புரட்டுவார்.

ஆனால் குறைகளை மெல்லக் கடந்துவிட முடியாது. உத்தரத்தின் விறைப்பு அதன் உயரத்தோடு ஏறக்குறைய மும்மடியாகக் கூடுகிறது. உயரத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் விறைப்பில் நிறைய இழக்கிறோம். கீழ் உத்தரம் சுமையில் இரண்டு மில்லிமீட்டர் தொய்ந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் அச்சின் வளைவிலிருந்து போகும். அப்புறம் வெல்டிங். பழைய இரும்புக் கடையில் வாங்கிய உத்தரத்தை, போன மாதம் வெல்டிங் கற்றுக்கொண்டவர் ஒட்டி, ஏழரை டன்னைத் தாங்கச் சொல்கிறார். அது தாங்காமல் போனால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? இந்தக் கைத்தொழிலின் பெரிய குறை இதைப் பற்றிய அலட்சியம்தான் என்பேன். இறுக்கிய காற்று சுருள்வில்லுக்குச் சமானம், விட்டால் பாயும். முதல் சோதனையைக் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிச் செய்தால், ஏதாவது விட்டுப்போனாலும் அழுத்தம் அக்கணமே விழுந்துவிடும். கொதிகலன்களைச் சோதிக்கும் முறை அதுதான். செலவும் இல்லை. கொட்டகைக்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று: பிரெஸ் கட்டுவதே ஒரு தனிப் பித்தாகிவிடும். குளிர்காலம் முழுக்க இரும்பு அறுத்து, பனி உருகும்போது ஸ்கீ இல்லாமல் சட்டகத்தை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

அப்படியானால் வாங்கிவிடலாமா? மூடிய தொழிற்சாலைகளின் பொறிகள் சில சமயம் மலிவாக வரும். விலைச்சீட்டில் இல்லாத செலவு பிறகு வரும். அமெரிக்க வீடுகளுக்கு வருவது ஒற்றைக் கட்ட மின்சாரம்; தொழிற்சாலைப் பொறி மூன்று கட்டம் கேட்கும். டன் கணக்கில் எடையுள்ளதை இறக்க ஆளும் ஃபோர்க்லிஃப்டும் வேண்டும். கொட்டகைத் தரை தாங்க வேண்டும். ஒடுங்கிய ஸ்கீகளின் காலத்துப் பொறியில் இன்றைய அகலமான பனித்தூள் ஸ்கீ நுழையாமலும் போகலாம்.

இதைவிட அடிப்படையான ஆட்சேபம் ஒன்று எனக்குண்டு. சூடாக்கும் தொழிற்சாலைப் பிரெஸ் விற்பது வேகத்தை. சில நிமிடங்களில் ஒரு ஜோடி இறுகி வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். ஆண்டுக்கு இரண்டு ஜோடி செய்கிறவருக்கு அந்த வேகம் எதற்கு? அவர் இரவு அழுத்தத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சூட்டுக்குப் பலன் இல்லாமல் இல்லை: சூட்டில் இறுகிய எபாக்சி உறுதியானது, கார் கூரையில் வெயிலில் கிடந்தாலும் இளகாது. ஆனால் பாலிஎத்திலீன், எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும் பொருள். 80 டிகிரியில் ஒட்டியது குளிரும்போது அடித்தகடு இரு விளிம்புகளுக்கு நடுவே சுருங்கிக் குழிந்து போகும். மேலும் கீழும் சூடு ஒத்துவராவிட்டால் வளைவும் மாறும். ஆகச் சூடு சேர்க்கிறவர் ஒரு குறையை வாங்கி இன்னொன்றை விற்கிறார்.

ஹெட்டின் ரப்பர் பை வழியும் இன்னும் உயிரோடிருக்கிறது. பை, பம்ப், அச்சு, அவ்வளவுதான், இரும்பே வேண்டாம். வெற்றிடத்தின் வரம்பு வளிமண்டல அழுத்தம்: சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. கொலராடோவின் லெட்வில் போல 3,000 மீட்டருக்கு மேலுள்ள ஊரில் அதிலும் எழுபது சதவீதம்தான் கிடைக்கும். பனி நிறைந்த ஊரில் பை பலவீனமாகிறது என்பது ஒரு வேடிக்கை. முதல் ஜோடிக்கு நான் இதையே சொல்வேன். ஸ்கீ கொஞ்சம் எபாக்சி கனத்தோடு வரும், வரட்டும். தனக்கு இந்த வேலை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

பிரெஸ்ஸில் எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, கட்டையைச் சீவும் பிளேனரில் கஞ்சத்தனம் பிடிப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். நடுக்கட்டை காலடியில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டரும் நுனியில் இரண்டு மில்லிமீட்டருமாகச் சரிய வேண்டும். மேலும் கீழும் கண்ணாடியிழை உள்ள கட்டமைப்பில் விறைப்பு ஏறக்குறையத் தடிப்பின் இருமடிப்படி கூடும். பத்து மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் பிசகினால் விறைப்பு பத்து சதவீதம் மாறும். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என்று இரண்டு சுபாவம். எந்தப் பிரெஸ்ஸாலும் இதைத் திருத்த முடியாது. பிளேனரும் கம்ப்ரசரும் ஊர்க்கடையில், உத்தரவாதத்தோடு, வீட்டு மின்சாரத்தில் ஓடக்கூடியவையாகக் கிடைக்கின்றன. இவற்றைச் சொந்தமாகச் செய்ய முயல்வது வீம்பு.

அடித்தகட்டைச் சமன் செய்யும் கல் அரைப்பான் வாங்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். ஆஸ்திரியாவின் ரீட் நகரத்து வின்டர்ஸ்டைகர் போன்றவர்களின் அந்தப் பொறிகள் ஸ்கீ பழுதுபார்க்கும் கடைகளில் நிற்கின்றன. கூலி கொடுத்தால் போதும்.

ஆண்டுக்கு ஐம்பது ஜோடி விற்கத் தொடங்கியவருக்குக் கணக்கு மாறும். அவருக்கு நேரம் காசு, சூடான பிரெஸ் நியாயமாகும். அவரும் முதலில் வாங்க வேண்டியது பிரெஸ்தானா என்பது சந்தேகமே. எஃகு விளிம்பை நுனியின் வடிவத்துக்கு வளைப்பது, கட்டையைச் சரித்துச் செதுக்குவது, வழிந்து இறுகிய எபாக்சியை அறுத்தெடுப்பது என்று கைநேரத்தைத் தின்கிற வேலைகள் பிரெஸ்ஸுக்கு வெளியேதான் கிடக்கின்றன.