99 சதவீதத்தில் நிற்கும் வேலை

ஹைவ் தரவுக் கிடங்கில் வாடிக்கையாளர் எண் வழியே அட்டவணைகளை இணைக்கும் பெரிய வினவல் ஒன்று மளமளவென ஓடி, 99 சதவீதத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். பழகிய கை பதறாது. விசைப்பலகைச் சத்தம்கூட அதிகம் எழாது. லாக் வரிகள் மெல்ல நகர, கண் நேரங்களை மட்டும் மேயும். வேலையைப் பங்கிட்டுச் செய்யும் ரெட்யூசர்களில் மற்றவை முடித்துவிட்டுச் சும்மா இருக்க, ஒன்று மட்டும் திணறிக்கொண்டிருக்கும். பந்தியில் ஒரே இலையில் சோற்றையெல்லாம் கொட்டியதுபோல, வாடிக்கையாளர் எண் காலியாக இருந்த வரிசைகள் மொத்தமும் அதன் தலையில் விழுந்திருக்கும். (காலியும் ஒரே மதிப்பு என்றால் ஒரே இடத்துக்குத்தானே போகும்!)

அந்தக் காலி வரிசைகளைத் தனியே பிரித்து, இணைப்பு முடிந்தபின் சேர்த்துக்கொண்டால் போதும். வினவலில் கூடுவது சில வரிகள்தான். அடுத்த ஓட்டத்தில் ரெட்யூசர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே கரை சேரும். நினைவகத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இதுதான் கைத்திறன்.